ஒன்றுக்கு அடுத்து பத்து

சித்தப்பா மகளின் நிச்சயதார்த்தத்தன்று வீட்டுக் கூடத்தில் என்னுடைய டிஜிட்டல் பியானோவைக் கொண்டுபோய் வைத்திருந்தேன். வாசிக்க ஆள் இல்லாத நேரத்தில் அதுவே வாசித்துக்கொண்டிருக்கட்டும் என்று பதினான்கு பாடல்களை ஒரு பென்டிரைவில் ஏற்றி, 1 முதல் 14 வரை எண் போட்டிருந்தேன். முதலில் பிள்ளையார் மேல் ஒரு கீர்த்தனை. பிறகு எல்லோருக்கும் தெரிந்த சினிமா மெட்டுகள். தட்டு மாற்றி முடித்து, பந்திக்கு எழும் நேரத்தில் பதினான்காவதாக மங்களம். கிளம்பும் முன் கணினித் திரையில் வரிசையை இரண்டு முறை சரிபார்த்தேன்.

முதல் பாட்டு சரியாக வந்தது. அடுத்து வந்தது பத்தாவது பாட்டு. அதன் பின் 11, 12, 13. ஆறாவதாக மங்களம் ஒலித்தது. அப்போது தட்டு இன்னும் மாற்றவில்லை. "என்னப்பா, அதுக்குள்ள மங்களம் போட்டுட்டே?" என்றார் பெரியப்பா. முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் சிலர் எழுந்து சாப்பாட்டுக் கூடத்தின் பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். மங்களம் முடிந்த கையோடு பியானோ இரண்டாவது பாட்டை எடுத்தது.

அன்று இரவு அந்தப் பென்டிரைவை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். கருவியில் பழுது இல்லை. அது ஒரு விதியை எழுத்து பிசகாமல் பின்பற்றியிருந்தது. அந்த விதி என்ன, அது எங்கிருந்து வந்தது என்று தேடப்போனபோதுதான், பாடல்களை வரிசைப்படுத்துவது என்ற சின்ன வேலைக்குள் எவ்வளவு அறிவியல் இருக்கிறது என்பது தெரிந்தது. இந்த அத்தியாயம் அந்தத் தேடலின் பலன்.

*

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். டிஜிட்டல் பியானோ தானாக வாசிக்கும் ‘பாட்டு’ பெரும்பாலும் ஒலிப்பதிவு அல்ல. அது ஒரு வாசிப்புக் குறிப்பு. எந்தக் கட்டையை, எவ்வளவு வேகத்தில், எப்போது அழுத்த வேண்டும், எப்போது விட வேண்டும் என்ற கட்டளைகளின் பட்டியல். ஒலியை உண்டாக்குவது அந்த நேரத்தில் பியானோவுக்குள் இருக்கும் ஒலிச்சில்லுகளின் வேலை. சமையல் குறிப்புக்கும் சாம்பாருக்கும் உள்ள வேறுபாடு இது.

இந்தக் கட்டளை மொழியின் பெயர் மிடி. 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவி வணிகக் கண்காட்சியில், அமெரிக்க நிறுவனமான சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸின் கீபோர்டையும் ஜப்பானிய நிறுவனமான ரோலண்டின் கீபோர்டையும் ஒரு கேபிளால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றில் கட்டையை அழுத்த, மற்றொன்றும் ஒலித்தது. போட்டி நிறுவனங்கள் இரண்டு ஒரே மொழி பேசியது அன்றைக்குப் பெரிய அதிசயம். அந்த மொழிக்கு வித்திட்ட டேவ் ஸ்மித்துக்கும் ரோலண்டை நிறுவிய இகுடாரோ ககேஹாஷிக்கும் முப்பது ஆண்டுகள் கழித்து, 2013இல், தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. அவர்கள் இந்த மொழிக்குக் காப்புரிமைக் கட்டணம் வாங்கவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு தொழில்நுட்பம் இன்றும் உயிரோடு இருப்பதற்கு அதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். தமிழ் சினிமாவிலும் அது சீக்கிரமே நுழைந்துவிட்டது. 1986இல் வந்த ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா மிடி சீக்வென்சரைப் பயன்படுத்தினார்.

மிடி மொழியில் ஒரு கட்டையை அழுத்தச் சொல்வதற்கு மூன்று எண்கள் போதும். 144, 60, 100 என்று அனுப்பினால், ‘முதல் சேனலில், 60ஆம் கட்டையை, 100 என்ற விசையில் அழுத்து’ என்று பொருள். 60 என்பது பியானோவின் நடுவில் இருக்கும் சி. பியானோவின் 88 கட்டைகளும் 21இல் தொடங்கி 108இல் முடிகின்றன. விரலை எடுப்பதற்கு இன்னொரு மூன்று எண். ஒவ்வோர் எண்ணும் ஒரு பைட். இந்தக் கட்டளைகளுக்கு இடையே எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து ஒரு கோப்பாக எழுதிவைக்கும் முறை 1988இல் தரப்படுத்தப்பட்டது. நம் பென்டிரைவில் கிடப்பது அந்தக் கோப்புதான்.

இரண்டாயிரம் ஸ்வரங்கள் கொண்ட மூன்று நிமிடப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்வரத்துக்கு, அழுத்துவது, விடுவது, இடைநேரம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய பத்து பைட் என்றால், முழுப் பாட்டும் இருபதாயிரம் பைட்டில் அடங்கிவிடும். அதே மூன்று நிமிடத்தை இசைத்தகட்டின் தரத்தில் ஒலியாகப் பதிந்தால் 3 கோடியே 17 லட்சம் பைட் வேண்டும். பழைய 1.44 மெகாபைட் ஃபிளாப்பித் தட்டில் ஒலிப்பதிவாக எட்டு நொடிதான் கொள்ளும். மிடியாக வைத்தால் எழுபது பாட்டு கொள்ளும்.

எழுபது பாட்டு ஒரே தட்டில் வந்த அன்றே வரிசைப்படுத்தும் பிரச்சினையும் வந்துவிட்டது. ஒரு பாட்டு மட்டும் இருந்தால் வரிசை என்ற கேள்வியே கிடையாது.

*

மிடிக்கு வெகு காலம் முன்பே இந்தப் பிரச்சினையைச் சந்தித்தவர்கள் இருந்தார்கள். 1890களின் நடுவில் எட்வின் வோட்டி என்ற அமெரிக்கர் டெட்ராய்ட் நகரில் பியனோலாவை உருவாக்கினார். துளையிட்ட காகிதச் சுருள் ஒன்று நகரும். துளை வந்த இடத்தில் காற்று புகும். அந்தக் காற்றின் விசையில் கட்டை அழுந்தும். ஒரு துளை ஒரு ஸ்வரம். துளையின் நீளம் அந்த ஸ்வரத்தின் நீளம். மிடி கோப்பு செய்வதையே இது காகிதத்தில் செய்தது.

தொடக்கத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஓர் அளவில் சுருள் செய்தது. ஒரு கடையில் வாங்கிய சுருள் இன்னொரு நிறுவனத்தின் பியானோவில் ஏறாது. 1908 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் தயாரிப்பாளர்கள் கூடிப் பேசி, சுருளின் அகலம் பதினொன்றேகால் அங்குலம், 88 ஸ்வரச் சுருளில் அங்குலத்துக்கு ஒன்பது துளை என்று முடிவு செய்தார்கள். மிடிக்கு முக்கால் நூற்றாண்டு முன்பே நடந்த மிடி உடன்பாடு என்று அதைச் சொல்லலாம். ஜெர்மனியின் வெல்டே நிறுவனம் 1904இல் இன்னும் ஒரு படி போய், வாசிப்பவரின் விரல் நயத்தையும் பதியும் சுருளைக் கொண்டுவந்தது. இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலர் 1905 நவம்பரில் லைப்சிக் நகரில் அதில் நான்கு துண்டுகள் வாசித்தார். அந்த மேதையின் வாசிப்பு நமக்கு மிஞ்சியிருப்பது அந்தக் காகிதத் துளைகளில் மட்டும்தான். ஒலிப்பதிவாக ஒன்றுகூட இல்லை.

வீட்டுப் பியனோலாவில் ஒரு சுருளுக்குப் பெரும்பாலும் ஒரு பாட்டு. அடுத்த பாட்டு வேண்டுமென்றால் எழுந்துபோய்ச் சுருளை மாற்ற வேண்டும். ஆகவே வரிசை என்பது அலமாரியில் இருந்தது, மனிதரின் கையில் இருந்தது. மதுக்கடைகளில் காசு போட்டால் வாசிக்கும் பியானோக்களுக்கு அது சரிப்படவில்லை. அவற்றுக்காக ஒரே சுருளில் பத்துப் பாட்டுகளை அடுத்தடுத்துத் துளையிட்டார்கள். காகிதத்தில் வெட்டிய அந்த வரிசையை மாற்ற வழியே இல்லை. ஐந்தாவது பாட்டு கேட்க ஆசைப்படுகிறவர் நான்கு பாட்டுகளுக்குக் காசு போட்டுக் காத்திருக்க வேண்டும். வுர்லிட்சர் நிறுவனம் ஆறு சுருள்களைச் சக்கரத்தில் பூட்டி, ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஏறும்படி ஒரு பொறியைச் செய்தது. பாட்டு ஓர் இடத்தில், வரிசை வேறோர் இடத்தில் என்று இரண்டையும் பிரிக்க மனிதர்கள் எடுத்த தொடக்க முயற்சிகளில் அது ஒன்று. அந்தப் பிரிவினை முழுமையடையக் கணினி வர வேண்டியிருந்தது.

*

இனி என் பதினான்கு பாட்டுகளுக்கு வருவோம்.

கணினிக்கு ‘10’ என்ற கோப்புப் பெயர் பத்து அல்ல. அது ஒன்று என்ற எழுத்து, அதன் பின் சுழி என்ற எழுத்து. எழுத்துகளை ஒப்பிடும்போது இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், அகராதியில் பார்ப்பதுபோல. ‘அகல்’ என்ற சொல் ‘ஆ’ என்ற சொல்லுக்கு முன்னால் வருவதற்கு அதன் நீளம் தடையில்லை. முதல் எழுத்திலேயே தீர்ப்பு வந்துவிடுகிறது. அதே போல ‘10’, ‘2’ இரண்டையும் ஒப்பிட்டால், முதல் எழுத்தில் 1, 2. ஒன்று சின்னது. தீர்ப்பு அங்கேயே முடிந்தது. பின்னால் வரும் சுழியை யாரும் பார்ப்பதில்லை. ஆகவே 1, 10, 11, 12, 13, 14, 2, 3 என்று வரிசை போகிறது. என் மங்களம் ஆறாவதாக வந்த கணக்கு இதுதான்.

அப்படியானால் கணினித் திரையில் மட்டும் எப்படிச் சரியாகத் தெரிந்தது? விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்து மைக்ரோசாஃப்ட், பெயரில் எண் வந்தால் அதை எண்ணாகவே மதிப்பிட்டு அடுக்கும் முறையைக் கோப்புப் பட்டியலுக்குக் கொண்டுவந்தது. அது மனிதக் கண்ணுக்காகச் செய்த ஒப்பனை. பென்டிரைவில் அந்த ஒப்பனை ஏறுவதில்லை. சரிபார்த்தது ஒரு கருவியில், வாசித்தது இன்னொரு கருவியில். நான் தவறியது அங்கே.

இதற்கு மருந்து எளிது. 01, 02, 03 என்று முன்னால் சுழி வைத்தால் போதும். எழுத்தாகப் பார்த்தாலும் எண்ணாகப் பார்த்தாலும் ஒரே வரிசை வரும். நூறு பாட்டுக்கு மேல் போகும் என்றால் 001.

ஆனால் சில கருவிகளில் இந்த மருந்தும் வேலை செய்யாது. அவை பெயர் வரிசையைப் பார்ப்பதே இல்லை. பென்டிரைவுகளில் பரவலாக இருக்கும் ஃபேட் என்ற கோப்பு அமைப்பு, 1977இல் ஃபிளாப்பித் தட்டுகளுக்காக மைக்ரோசாஃப்டில் பிறந்தது. அதில் ஒவ்வொரு கோப்புறைக்கும் ஒரு பதிவேடு உண்டு. ஒவ்வொரு கோப்புக்கும் அந்தப் பதிவேட்டில் 32 பைட் அளவில் ஒரு வரி. சத்திரத்து வருகைப் பதிவேட்டைப் போல, யார் முதலில் வந்தார்களோ அவர்கள் பெயர் முதலில். அகர வரிசை என்பது பதிவேட்டில் கிடையாது. வேண்டுமென்றால் படிக்கிற கருவிதான் அடுக்கிக்கொள்ள வேண்டும். நினைவகம் குறைந்த எளிய கருவிகள் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளாமல், பதிவேட்டில் இருக்கிறபடியே வாசித்துவிடுகின்றன. அவற்றில் பாட்டின் வரிசை, நீங்கள் எந்த வரிசையில் நகலெடுத்தீர்களோ அதுதான்.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. ஒரு பாட்டை அழித்தால் பதிவேட்டில் அந்த வரி மறைவதில்லை. அதன் முதல் பைட்டில் 229 என்ற அடையாளம் மட்டும் விழுகிறது. ‘இந்த இடம் காலி’ என்று அர்த்தம். அடுத்து ஏற்றும் புதுப்பாட்டு அந்தக் காலி இடத்தில் போய் உட்காரலாம். கடைசியாகச் சேர்த்த பாட்டு நடுவில் வந்து ஒலிப்பதன் ரகசியம் இது. இத்தகைய கருவி உங்களிடம் இருந்தால், பென்டிரைவை முழுவதுமாகத் துடைத்துவிட்டு, வேண்டிய வரிசையில் ஒவ்வொரு பாட்டாக ஏற்றுவதே வழி.

ஃபிளாப்பி காலத்தில் அந்தப் பதிவேட்டின் நீளத்துக்கே வரம்பு இருந்தது. 1.44 மெகாபைட் தட்டின் முதன்மைப் பதிவேட்டில் 224 வரிகள் மட்டும். பாட்டு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் 225ஆவதற்கு அங்கே இடம் இல்லை. பெயரும் எட்டு எழுத்துக்குள் அடங்க வேண்டும். பிற்பாடு விண்டோஸ் 95 நீளப் பெயர்களை அனுமதித்தபோது, பழைய கருவிகளுக்காக ஒரு குட்டிப் பெயரையும் கூடவே எழுதிவைத்தது: முதல் ஆறு எழுத்து, ஓர் அலைக்குறி, ஓர் எண். ‘சின்ன’ என்று ஆங்கில எழுத்தில் தொடங்கும் பாட்டுகள் உங்களிடம் நான்கு இருந்தால், பழைய பியானோவின் திரையில் நான்கும் ஒன்றுபோலவே தெரியும். கடைசி எண் மட்டும் மாறும். பெயரின் தொடக்கத்திலேயே வேறுபாட்டைக் காட்டிவிட வேண்டும் என்பதற்கு இது நல்ல காரணம்.

தமிழில் பெயர் வைத்தால் என்ன ஆகும்? பல பியானோக்களின் திரையில் தமிழ் எழுத்துருவே இல்லை. கட்டங்களோ கேள்விக்குறிகளோ தெரியும். எழுத்துரு இருக்கும் கருவியிலும் வரிசை நமக்குப் பழகிய வரிசையாக இராது. நம் நெடுங்கணக்கில் னகரம் கடைசி மெய். ‘மயில்’ முதலில், ‘மன்னன்’ பிறகு. யூனிகோடிலோ ந என்பதன் எண் 2984, அதை ஒட்டி ன 2985, ப 2986. எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் கருவியில் ‘மன்னன்’ முந்திக்கொள்ளும். இந்திய எழுத்துகளுக்கெல்லாம் பொதுவாக வகுத்த ஐஸ்கி என்ற குறியீட்டுச் சட்டகத்தை யூனிகோடு எடுத்துக்கொண்டதால் வந்த விளைவு இது. தேவநாகரி அடுக்குக்கு இணையாகத் தமிழை வைத்தபோது, தமிழுக்கே உரிய எழுத்துகள் ஓசையில் நெருங்கிய எழுத்துகளின் பக்கத்தில் செருகப்பட்டன. தமிழ் வரிசையை அறிந்து அடுக்கும் மென்பொருள்கள் கணினியிலும் கைபேசியிலும் இருக்கின்றன. பியானோ செய்கிறவர்களும் அதைச் சேர்க்க வேண்டும். பெரிய செலவுள்ள வேலை அல்ல.

*

இதுவரை பார்த்ததெல்லாம் பாட்டின் பெயரை வைத்து வரிசையைச் சமாளிக்கும் உபாயங்கள். உண்மையான பிளேலிஸ்ட் வேறு விதமானது. அதற்குள் ஒரு பாட்டுகூட இருக்காது. பாட்டுகள் இருக்கும் இடங்களின் முகவரிகள் மட்டுமே இருக்கும். 1990களின் பிற்பகுதியில் வினாம்ப் மென்பொருள் மூலம் பரவிய எம்3யு என்ற பட்டியல் கோப்பைத் திறந்து பார்த்தால், வரிக்கு ஒரு முகவரி என்று வெறும் எழுத்துகள்தான் இருக்கும். ஐம்பது பாட்டுகளின் பட்டியல் இரண்டு மூன்று ஆயிரம் பைட்டைத் தாண்டாது.

இந்த எண்ணத்தைக் கணினிக்கு முன்பே அழுத்தமாகச் சிந்தித்தவர் ஒரு தமிழர். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். ஒரு புத்தகத்தை அலமாரியில் ஓர் இடத்தில்தான் வைக்க முடியும். ஆனால் அதைத் தேடி வருகிறவர்கள் பல வழிகளில் வருகிறார்கள்: ஒருவர் பொருளை வைத்து, ஒருவர் நாட்டை வைத்து, ஒருவர் காலத்தை வைத்து. லண்டன் கடையொன்றில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தபோது அவருக்கு விடை கிடைத்தது. சின்னச் சின்னத் துண்டுகளைப் பூட்டி எதை வேண்டுமானாலும் செய்வதுபோல, ஒரு நூலின் பல முகங்களைத் தனித்தனியாகக் குறித்து, வேண்டியபடி இணைத்துக்கொள்ளலாம் என்று எண்ணினார். 1933இல் வெளியான அவருடைய கோலன் பகுப்புமுறை அப்படிப் பிறந்தது. வாசகர் தேடி அலையும் நேரத்தை நூலகம் குறைக்க வேண்டும் என்பது அவர் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவதன் சாரம்.

பாட்டுக்கும் பல முகங்கள் உண்டு. மோகனத்தில் அமைந்த, நிதான நடையுள்ள, இடது கைக்குப் பயிற்சி தரும், அம்மாவுக்குப் பிடித்த ஒரு பாட்டு, கோப்புறை முறையில் நான்கில் ஒன்றில்தான் இருக்க முடியும். நான்கிலும் நகலெடுத்துப் போட்டால், ஒன்றைத் திருத்தும்போது மற்ற மூன்றும் பழையதாகவே நின்றுவிடும். பட்டியல் முறையில் பாட்டு ஒரே இடத்தில் இருக்கும். நான்கு பட்டியல்களும் அதை நோக்கி விரல் நீட்டும். பட்டியலிலிருந்து நீக்கினால் பாட்டு அழியாது.

விரல் நீட்டுவதில் ஓர் ஆபத்து உண்டு. வீடு மாறியவருக்குப் பழைய முகவரியில் போட்ட கடிதம் போய்ச் சேராது. பாட்டைக் கோப்புறை மாற்றினாலோ பெயரைத் திருத்தினாலோ பட்டியலில் இருக்கும் முகவரி பொய்யாகிவிடும். கருவி ‘கோப்பு இல்லை’ என்று சொல்லும், அல்லது சொல்லாமல் தாண்டிப்போகும். முதலில் கோப்புறைகளையும் பெயர்களையும் ஒழுங்கு செய்துவிட்டு, அதன் பிறகே பட்டியல் போட வேண்டும். இந்த முன்பின் மிக முக்கியம்.

மெல்லிசைக் குழுக்களில் வாசிக்கும் கீபோர்டு கலைஞர்களுக்கு இது இன்னும் ஆழமான விஷயம். அவர்கள் பட்டியலில் வைப்பது பாட்டைக்கூட அல்ல, ரெஜிஸ்ட்ரேஷனை. வலது கைக்குப் புல்லாங்குழல், இடது கைக்கு ஸ்ட்ரிங்ஸ், இந்தத் தாளம், இந்த வேகம், பாடகருக்கு ஏற்ற சுருதி என்ற அமைப்பு முழுவதும் ஒரு பொத்தானில் சேமித்திருக்கும். மேடையில் பாட்டின் பெயரைச் சொன்ன நொடியில் அந்த அமைப்பு விரலடியில் வந்து நிற்க வேண்டும். அங்கே பட்டியல் ஒரு வசதி அல்ல, பிழைப்பு.

*

பாட்டுகளைத் தனித்தனிக் கோப்புகள் என்று பார்த்தோம். ஆனால் ஒன்றின் சாயல் அடுத்ததில் விழுவது உண்டு. மிடி கோப்பில் ஸ்வரங்கள் மட்டுமல்ல, ‘இந்தச் சேனலுக்கு வயலின் ஒலி’, ‘ஒலியளவு 90’, ‘பெடலை மிதி’ என்ற கட்டளைகளும் இருக்கின்றன. மறு கட்டளை வரும்வரை கருவி அவற்றை நினைவில் வைத்திருக்கும். ஒரு பாட்டு தேய்ந்து தேய்ந்து மறைவதுபோல முடிகிறது என்றால், கடைசியில் ஒலியளவு சுழியில் நிற்கும். அடுத்த பாட்டு தனக்கு வேண்டிய ஒலியளவை முதலிலேயே சொல்லிக்கொள்ளவில்லை என்றால், சில கருவிகளில் அது சத்தமே இல்லாமல் ஓடும். பாட்டு கெட்டுப்போனது என்று அழித்துவிடாதீர்கள். முந்தைய பாட்டை மாற்றிப் பாருங்கள்.

1991இல் வந்த ஜெனரல் மிடி என்ற தரம் இதற்கு ஒரு தீர்வு வைத்திருக்கிறது. ஆறே ஆறு பைட் கொண்ட ஒரு கட்டளை, கருவியைத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோய்விடும். நல்ல கோப்புகளின் முதல் வரியிலேயே அது இருக்கும். புதிய பியானோக்கள் பல, பாட்டு மாறும்போது தாமாகவே துடைத்துக்கொள்கின்றன.

*

வரிசையே வேண்டாம், கலைத்துப் போடு என்று கேட்கிறவர்களும் உண்டு. பத்துப் பாட்டுகளை அடுக்க 36,28,800 வழிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பாரபட்சமின்றிப் பொறுக்கும் வழியை ரொனால்ட் ஃபிஷரும் ஃபிராங்க் யேட்ஸும் 1938இல் எழுதினார்கள். கணினிக்கு ஏற்ற வடிவத்தை 1964இல் ரிச்சர்ட் டர்ஸ்டன்ஃபெல்ட் கொடுத்தார். சீட்டு எடுப்பதுபோலத்தான்: எடுத்த சீட்டைத் திரும்பக் குடத்தில் போடக் கூடாது. போட்டால், பத்து முறை எடுத்தும் சராசரியாக ஆறரைப் பாட்டுகள்தான் கேட்கக் கிடைக்கும். மற்றவை வந்த பாட்டே திரும்ப வருவது.

சரியாகக் கலைத்தாலும் மனம் சமாதானம் ஆவதில்லை. பத்தில் ஐந்து இளையராஜா பாடல்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து இடங்களைத் தேர்ந்தெடுக்க 252 வழிகள். அவற்றில் இளையராஜா பாடல் எதுவும் அடுத்தடுத்து வராத வழிகள் ஆறு மட்டுமே. மீதி 246இலும் எங்காவது இரண்டு ஒட்டி நிற்கும். ‘கலைக்கவே இல்லை’ என்று நமக்குத் தோன்றும். உண்மையான தற்செயலில் கொத்துகள் விழுவது இயல்பு.

*

கேட்பதற்கு வரிசை ஒரு சுவை. பயில்வதற்கு அது அதைவிட முக்கியம். டிஜிட்டல் பியானோவின் பட்டியல் வசதியை நான் மதிப்பது இதற்காகத்தான்.

பியானோ பயிலும் குழந்தைகளைக் கவனித்தால், ஒரு பாட்டை இருபது முறை வாசித்து, அது கைக்கு வந்த பிறகே அடுத்ததைத் தொடுவார்கள். ஆசிரியர்களும் பெற்றோரும் அப்படியே சொல்லித்தருகிறோம். 1979இல் ஜான் ஷே, ராபின் மார்கன் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். மரத் தடுப்புகளைக் கையால் தட்டிவிடும் மூன்று வகை அசைவுகள், வகைக்கு 18 முறை, மொத்தம் 54 முறை. ஒரு குழு ஒரு வகையை முழுதும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனது. இன்னொரு குழுவுக்கு மூன்றும் கலந்து வந்தன. பயிற்சியின்போது முதல் குழுவே வேகமாகச் செய்தது. ஆனால் பத்து நிமிடம் கழித்தும், பிறகு பத்து நாள் கழித்தும் சோதித்தபோது, கலந்து பயின்ற குழு முந்தியிருந்தது.

காரணம் இப்படி விளக்கப்படுகிறது. ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கும்போது, இரண்டாவது முறையிலிருந்து மூளை அதை நினைவிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. அது முன்னாலேயே திறந்து கிடக்கிறது. நடுவில் வேறு பாட்டு வந்தால் அது மூடிக்கொள்ளும். திரும்ப வரும்போது மறுபடி தேடி எடுக்க வேண்டும். அந்தத் தேடி எடுக்கும் சிரமம்தான் பாட்டை ஆழப் பதிக்கிறது. தேர்வு அறையிலோ மேடையிலோ நமக்குக் கிடைப்பது முதல் முறை மட்டும்தானே.

இசையிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். கிறிஸ்டீன் கார்ட்டரும் ஜெசிகா கிரானும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், தேர்ந்த கிளாரினெட் கலைஞர்கள் பத்துப் பேர் சில பகுதிகளை 12 நிமிடம் ஒரே மூச்சிலும், வேறு சிலவற்றை 3 நிமிடத் துண்டுகளாக மாற்றி மாற்றி, மொத்தம் அதே 12 நிமிடமும் பயின்றார்கள். மாற்றி மாற்றிப் பயின்றவற்றின் பக்கம் மதிப்பெண் ஓரளவு சாய்ந்தது. பத்துப் பேர் என்பது சின்ன எண்ணிக்கை, வேறுபாடும் பெரிதல்ல. ஆனாலும் ஷேவும் மார்கனும் கண்ட திசையிலேயே அது இருக்கிறது.

ஆகவே பயிற்சிக்கு நான் இரண்டு பட்டியல் வைத்திருக்கிறேன். முதலாவதில் இந்த வாரம் புதிதாக எடுத்த பாட்டு மட்டும். விரல்கள் வழி கண்டுபிடிக்கும்வரை அதற்குத் தனிமை வேண்டும். வழி கிடைத்ததும் அது இரண்டாவது பட்டியலுக்குப் போய்விடும். அங்கே பழைய பாட்டுகளோடு கலந்து, ஒவ்வொன்றும் ஓரிரு நிமிடம், பிறகு அடுத்தது. வாசிக்கும்போது தடுமாற்றம் கூடுவதுபோலத்தான் இருக்கும். பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள். இரண்டு வாரம் பொறுங்கள் என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

*

கடைசியாக, எண் போடும் விஷயத்தில் பழைய நிரலாளர்களிடமிருந்து கற்றுக்கொண்ட ஒன்று. 1964இல் டார்ட்மவுத் கல்லூரியில் பிறந்த பேசிக் மொழியில் ஒவ்வொரு வரிக்கும் எண் உண்டு. அனுபவப்பட்டவர்கள் 1, 2, 3 என்று எண் போட மாட்டார்கள். 10, 20, 30 என்று போடுவார்கள். நடுவில் ஒரு வரி சேர்க்க நேர்ந்தால் 15 என்று செருகிவிடலாம். மற்றவற்றைத் தொட வேண்டாம். பாட்டுகளுக்கும் அப்படியே செய்யுங்கள்: 010, 020, 030. எல்லாம் மூன்று இலக்கம், முன்னால் சுழியோடு. விழாவுக்கு முன்தினம் அத்தை வந்து ‘அந்தப் பாட்டையும் சேர்த்துக்கோடா’ என்றால் 025 காத்திருக்கும். பென்டிரைவை விழா நடக்கும் பியானோவிலேயே ஒருமுறை செருகி, முதல் மூன்று பாட்டுகளாவது வரிசையாக வருகின்றனவா என்று காதால் கேட்டுவிடுங்கள். கணினித் திரையை நம்பாதீர்கள்.

மங்களத்துக்கு 990 என்று எண் கொடுங்கள். முன்னால் எத்தனை பாட்டு சேர்ந்தாலும் அது கடைசியிலேயே நிற்கும்.